ராசிக் கையும் கலர் டிவியும்

என் அண்ணனின் மகளுக்கு மூன்று வயது. விஜயதசமியன்று அவளுக்கு ஏடு தொடக்குவதென்று வீட்டில் முடிவானது. பிள்ளையை மடியில் வைத்து, அதன் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்க ஒரு நல்ல கை வேண்டும். அந்தக் கையை ஒரு மாதமாகத் தேடினார்கள். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரைக் கேட்டார்கள், அவருக்குச் சுகமில்லை. அண்ணன் மனைவியான மச்சாளின் பெரியப்பாவைக் கேட்டார்கள், அவர் கொழும்பிலிருந்து வர ஏலாது என்றார். கடைசியில் அம்மா, தபால் கந்தோரில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாமா என்றார். அந்த மனிதரின் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். கோழி கிளறியது போலிருக்கும்.

நான் கல்லடியில் ஒரு பாடசாலையில் முதலாம் வகுப்பு ஆசிரியை. பதினொரு வருடமாக, வருடத்துக்கு முப்பது பிள்ளைகள் வீதம் அ எழுதப் பழக்கி அனுப்புகிறேன். அண்ணன் வீடு இருக்கும் அதே வளவில், கிணற்றுக்கு இந்தப் பக்கம், அம்மாவோடு நான் இருக்கிறேன். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கைக்கு ராசி இல்லை.

இதை எந்தச் சாத்திரியாரும் சொல்லவில்லை. என் சாதகத்தில் எழுதியிருக்கவும் இல்லை. என் கைக்கு ராசியில்லை என்பதை எங்கள் குடும்பம் ஒரு வீடியோ கேமில் கண்டுபிடித்தது. சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கு வரவில்லை.

எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. கப்பலில் வேலை செய்த சித்தப்பா ஜப்பானிலிருந்து ஒரு கேம் மெஷின் கொண்டுவந்து தந்தார். அந்த நாட்டுக் கரண்டும் நம் நாட்டுக் கரண்டும் வேறு என்பதால் செங்கல் அளவில் ஒரு ட்ரான்ஸ்போமரும் கூட வந்தது. இருந்தது ஒரே ஒரு கேம். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒரு சொல்லும் விளங்காது. படம் கறுப்பு வெள்ளை. ஒரு நாய்க்குட்டி பாழடைந்த கோட்டைக்கு அடியில் தட்டுத் தட்டாக இறங்கிப் போகும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கதவு, ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு விளக்கு. சரியான கதவைத் திறந்தால் அடுத்த தட்டு. பிழையான கதவைத் திறந்தால் நிலம் பிளந்து நாய் விழும். சரியான கதவு சில வேளை இடப்பக்கம் வரும், சில வேளை வலப்பக்கம் வரும். பாடமாக்க வழியில்லை. விழுந்தவர் கொன்ட்ரோலரை மற்றவரிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

நான் விழுவேன். அண்ணன் விழமாட்டார். நான் இரண்டு கதவு, மூன்று கதவு தாண்டுவதற்குள் நாய் பள்ளத்தில் கிடக்கும். அதற்குப் பிறகு அண்ணன் பிடித்தால் ஒரு மணித்தியாலம் போகும். நான் பக்கத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு, எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அப்பா கதிரையில் இருந்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இவன்ட கை ராசிக் கை” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஒனக்கு ராசியில்ல புள்ள” என்று சிரித்தார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில் கேலிக்கு ஆயுள் கெட்டி.

அந்த வருடம் படுவான்கரையில் எங்கள் வயல் வட்டையில் விதைப்புக்கு முதல் பிடி நெல்லை எறிய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகும் வரை ஒவ்வொரு போகமும் அவர்தான். ஒருமுறை வெள்ளம் வந்து அத்தனை வயலும் அழுகிப் போனது. அண்ணனின் கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, மழையைத்தான் திட்டினார்கள். நான் வைத்த வெண்டிக்கன்றுகள் பட்டுப் போனபோது மட்டும் காரணம் கை. சித்திரை வருடப் பிறப்புக்குக் கைவிசேஷக் காசு கொடுக்கும்போது அம்மா எனக்கு முன்னால் அண்ணனை நிறுத்துவார், ஊர்ப்பிள்ளைகள் முதலில் அவர் கையால் வாங்கட்டும் என்று. எனக்குப் பேசிய கலியாணம் ஒன்று நின்றபோது அம்மா என் கையைப் பார்த்தார். அது போதும்.

விஜயதசமிக்கு மூன்று நாள் முன்பு அண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வந்தார். பெட்டிக்குள் ஒரு புது கேம் மெஷின். அதைவிடப் பெரிய செய்தி, எங்கள் பழைய கேமைப் புதிதாகச் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள், இந்த முறை ஆங்கிலத்தில். பின்னேரம் நான் பாடசாலை விட்டு வந்ததும், “வாடி, ஒனக்கு ஒண்டு காட்டுறன்” என்று கூப்பிட்டார். அவருடைய ஹோலில் சுவரின் பாதியை அடைக்கிற டிவி. நான் சாரியைக்கூட மாற்றாமல் போய் உட்கார்ந்தேன்.

முதல் அரை மணித்தியாலம் அவர் எனக்கு வகுப்பு எடுத்தார். இந்தக் கேமில் படம் மூன்று விதமாக வருமாம். ஒன்று குவாலிட்டி. ஈரக் கல்லில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பது, சுவரில் பாசி, மிருகத்தின் மயிர் ஒவ்வொன்றாக அசைவது எல்லாம் தெரியும், ஆனால் கொஞ்சம் இழுபடும். இரண்டாவது பெர்போமன்ஸ். தெறிப்பும் பாசியும் குறையும், ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது பழைய படம். ஒரு பட்டனை அமத்தினால் அதே இடத்தில், அதே நேரத்தில், அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படி மாறும், மறுபடி அமத்தினால் திரும்பும்.

குவாலிட்டியை விட பெர்போமன்ஸ்தான் நல்லது என்று அண்ணன் சொன்னார், கண்ணுக்கு ஒரு செக்கனுக்கு எத்தனை படம் வேண்டும் என்பதற்குக் கணக்கும் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெர்போமன்ஸில் தண்ணீர் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரிக் கிடந்தது. குவாலிட்டியில் அது தண்ணீராக இருந்தது, ஆழம் தெரிந்தது. மெதுவாகப் போனால் என்ன, நாங்கள் என்ன பஸ்ஸுக்கா ஓடுகிறோம் என்று கேட்டேன். “நீ வெளையாடினாத்தானே தெரியும்” என்றார். கொன்ட்ரோலரை மட்டும் தரவில்லை.

இதில் இன்னொன்றும் இருந்தது. குவாலிட்டியில் வந்த மிருகம் நாய் இல்லை. செம்மஞ்சள் நிறத்தில், வால் நுனி வெள்ளையாக, ஒரு நரிக்குட்டி.

“நம்மட நாயை ஏன் நரியாக்கி வெச்சிருக்கானுகள்?” என்று கேட்டேன்.

“அது எப்பவும் நரிதான்” என்றார் அண்ணன். பட்டனை அமத்தினார். பழைய படம் வந்தது. சதுரம் சதுரமாக, மூக்கும் முழியும் தெரியாமல், ஆனால் செம்மஞ்சள் நிறத்தில். தண்ணீர் நீலம். சுவர் மண்ணிறம்.

எனக்குக் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது. இது பொய், பழைய படம் என்று சொல்லிக் கலர் அடித்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் விளையாடியது கறுப்பு வெள்ளை, என் கண்ணால் பார்த்தது எனக்குத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். அண்ணன் ஒரு சிரிப்புச் சிரித்தார். “அது நம்மட டிவியால வந்ததுடி. ஜப்பான் மெஷின்ட கலர நம்மட பழைய டிவி புடிக்காது. அதான் கறுப்பு வெள்ளையில காட்டினது. கேம் கலர்தான்.”

 அதே டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் கலரில் பார்த்தோம். கேம் மட்டும் ஏன் கறுப்பு வெள்ளை என்று ஒருநாளும் கேட்டதில்லை. வந்தது அப்படி, அதனால் அது அப்படித்தான் என்று நினைத்தோம். இருபத்தைந்து வருடம் நாய் என்று சொல்லித் திரிந்தேன். அது நரி. சரி, என்று விட்டிருப்பேன். ஆனால் அதற்குள் நரி முதலாவது தட்டில் இறங்கி இரண்டு கதவுக்கு முன்னால் நின்றது.

ஒரு கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. மற்றக் கதவுக்கு மேல் பச்சை விளக்கு.

குவாலிட்டியில் அந்தப் பச்சை ஈரக் கல்லில் வழிந்து நரியின் காலடி வரைக்கும் வந்திருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, பச்சை விளக்கு வழி காட்டும் என்று. என் வகுப்பில் பெயர் எழுதத் தெரியாத பிள்ளைகூட எந்தக் கதவு என்று சொல்லும். வீதியில் சிவப்புக்கு நில், பச்சைக்குப் போ என்று நானே பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறேன். இதில் ராசி எங்கே இருக்கிறது? அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?  வெண்டிக்கன்று, கைவிசேஷம், அம்மா என் கையைப் பார்த்த பார்வை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

பிறகுதான் மற்றது உறைத்தது. எங்கள் டிவியில் இருவருக்கும் கலர் இல்லை. இருவரும் பார்த்தது ஒரே சாம்பல் நிறம். அப்படியானால் இவர் மட்டும் எப்படி விழாமல் போனார்?

“அண்ணா, ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

“ராசி” என்றார். கண் டிவியில் இருந்தது.

நான் டிவி ரிமோட்டை எடுத்தேன். செட்டிங்ஸுக்குப் போய்க் கலரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஐம்பது, முப்பது, பத்து, பூச்சியம். செம்மஞ்சள் நரி சாம்பலாகிப் போனது. அவர் கையில் இருந்த கொன்ட்ரோலரில் அந்தப் பட்டனையும் நானே அமத்திப் பழைய படத்தை வரவைத்தேன். அந்தக் கேமைச் செய்தவர்கள் கொடுத்தது மூன்று விதம். இது நாலாவது விதம், எங்கள் வீட்டு விதம். கல்லடியில் ஒரு வீட்டில் மட்டும் இருந்த படம்.

“இப்ப போங்க பாப்பம்” என்றேன்.

அவருக்கு நான் எதற்குச் சொல்கிறேன் என்று பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் வேண்டுமென்றே விழுந்திருப்பார். தன் கைவரிசையைக் காட்டச் சொல்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது. வலது. வலது. இடது. வலது. ஒரு கதவிலும் நிற்கவில்லை, யோசிக்கவில்லை. எட்டுக் கதவு தாண்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு விளக்கில் ஒன்று கொஞ்சம் வெளிறிச் சாம்பல், மற்றது கொஞ்சம் கறுத்த சாம்பல். அவர் போனதெல்லாம் வெளிறிய விளக்குப் பக்கம். தெரிந்தவனுக்கு அது தெரியும். தெரியாதவளுக்கு அது சுவரில் இருக்கும் அலங்காரம்.

“நீ இத எங்க பாத்த?” கோபம் வந்தால் நான் அண்ணனை நீ என்பேன். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கொன்ட்ரோலரை மடியில் வைத்தார். “டவுணில கேம் கடை ஒண்டு இரிந்திச்சி. டியூஷன் முடிஞ்சி போவன். அங்க கலர்ல ஓடிச்சி. சிவப்புக்குப் போனா விழும், பச்சைக்குப் போனா போகலாம். வீட்ட வந்து பாத்தா பச்சை கொஞ்சம் வெளிறித் தெரிஞ்சிச்சி.”

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீ விழமாட்டாய். மறுகா எனக்கு எப்ப கொன்ட்ரோலர் வாற?”

அவ்வளவுதான் விசயம். ஒரு மணித்தியாலம் கூடுதலாக விளையாடுவதற்காக. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவும் செய்தார், பதின்மூன்று வயதுக் குறும்பை நினைத்து. அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பதின்மூன்று வயதில் செய்ததை நான் மன்னிப்பேன், நான் முப்பது குறும்பர்களோடு தினமும் மாரடிப்பவள். ஆனால் இருபது வயதில் விதைப்புக்குப் போகும்போது வாயைத் திறந்திருக்கலாமே? முப்பது வயதில், என் கலியாணம் நின்று அம்மா என் கையைப் பார்த்தபோது பக்கத்தில்தானே நின்றார்? போன மாதம் முழுக்க, ஒவ்வொரு கிழமையும் வீடியோவில் வந்து, “ஏடு தொடக்க ஆள் கிடைச்சிட்டா?” என்று கேட்டாரே, அப்போதாவது ஞாபகம் வரவில்லையா?

“வா, அம்மாக்கிட்டச் சொல்லு” என்றேன்.

“இப்ப என்னத்துக்குடி அதெல்லாம்?”

“சொல்லு. இல்லாட்டி இந்த டிவிய நான் உடைப்பன்.” உண்மையாகவே உடைத்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்தது.

அம்மா குசினி வாசலில் இருந்து பூசைக்குக் கடலை துப்புரவு செய்துகொண்டிருந்தார். மச்சாள் அடுப்படியில் நின்றார். அண்ணன் போய் நின்று, பாடசாலையில் பிடிபட்ட பொடியன் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கடை, கலர், பச்சை, சிவப்பு. அம்மா சுளகை அசைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

“அப்ப கேம் பொய்” என்றார் அம்மா.

“பொய்” என்றேன் நான்.

“சரி. அது பொய்யெண்டே வெச்சிக்குவம். வெண்டிக்கண்டு ஏன் பட்டிச்சி? நீ முதல் முதல் ஓட்டின ஸ்கூட்டி ஏன் பாலத்தடியில விழுந்திச்சி? அந்தக் கலியாணம் ஏன் நிண்டிச்சி? அதெல்லாம் கேமா புள்ள?”

  முதற் கல்லை உருவி எடுத்துக் காட்டினால் சுவர் விழுந்துவிடும் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடத்தில் அந்தச் சுவருக்கு என் வாழ்க்கையிலிருந்தே எடுத்து எடுத்துக் கல் வைத்திருக்கிறார்கள். என் ஒவ்வொரு தோல்வியையும் ஒரு நாள் தேவைப்படும் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் என் தாய். அண்ணனுடைய வெள்ளத்தை யாராவது பத்திரப்படுத்தினார்களா? அவர் இரண்டு வேலையை விட்டு வந்ததை யாராவது அவர் கையின் மேல் போட்டார்களா? இதையெல்லாம் சத்தம் போட்டே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மச்சாள்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம், மாமியாருக்கு முன்னால் அதிர்ந்து பேசாதவர். “மாமி, இந்த ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் மச்சாள்தான் எழுதப் பழக்குறா. அதுகள் ஒண்டும் கெட்டுப் போகல்ல. வீட்டுக்குள்ள டீச்சர வெச்சிக்கிட்டு தபால் கந்தோருக்குப் போறது எனக்கு வெக்கமாக் கிடக்கு. என்ட புள்ளைக்கு மச்சாள் தொடக்கட்டும்.”

இதை ஒரு மாதத்துக்கு முன் சொல்லியிருக்கலாம் என்று அவர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அன்றைக்கு யாரையும் விட்டுவைக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் அவர் பெற்ற பிள்ளை, அவர் சொல்லிவிட்டார். அம்மா சுளகைத் தட்டிவிட்டு, “ஒங்கட புள்ள, ஒங்கட விருப்பம்” என்றார். அண்ணன் போய் டிவியின் கலரை மறுபடி ஐம்பதுக்கு ஏற்றிவிட்டார்.

விஜயதசமியன்று காலையில் குளித்து, பட்டுச் சாரி உடுத்து, சாமி அறையில் பாயில் உட்கார்ந்தேன். முன்னால் பித்தளைத் தட்டில் பச்சையரிசி பரப்பி இருந்தது. மச்சாள் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். புதுப் பாவாடை மொரமொரவென்று இருந்தது. பிள்ளைக்குச் சந்தோசம், அரிசியில் விளையாட விடுகிறார்கள் என்று. “மாமி, இதில எழுதுறதா?” என்று கேட்டாள். அம்மா, அண்ணன், மச்சாள், அழைக்காமலே வந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் வென்றுவிட்டேன். வீடு முழுக்கச் சண்டை பிடித்து, அண்ணனைத் தலைகுனிய வைத்து, அம்மாவை வாயடைக்க வைத்து அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்தேன். அ எழுத முதலில் ஒரு சுழி போட வேண்டும். பதினொரு வருடத்தில் எத்தனை நூறு விரல்களைப் பிடித்துப் போட்ட சுழி. என் கை அரிசிக்கு மேலே நின்றுவிட்டது. வெண்டிக்கன்று நினைவு வந்தது. இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராமல் போனால் என்ற நினைவு வந்தது. சிவப்பு, பச்சை, கடை, கலர், அத்தனையும் தெரிந்த பிறகும் வந்தது. ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுதும்போது ஒருநாளும் வராத பயம், என் சொந்த இரத்தத்தின் விரலைப் பிடித்ததும் வந்தது. தபால் கந்தோர்க்காரரே எழுதட்டும் என்று சொல்ல என் வாய் திறக்கவும் பார்த்தது.

“மாமி, ஏன் கை ஆடுது?” என்றாள் பிள்ளை.

எல்லோருக்கும் அது கேட்டது.  நான் விரலை அரிசியில் அழுத்தி எழுதினேன். வகுப்பில் நான் எழுதும் அ வட்டமாக, அச்சடித்தது போல இருக்கும். அன்றைக்கு எழுதியது கோணிப் போயிருந்தது. அம்மா குனிந்து அதைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். அண்ணன் நல்ல படம் ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று போனைத் தூக்கினார். அவர் உண்மையைச் சொல்லாமல் விட்டதால் நிலைத்த ‘ராசியில்லை’ என்பதை இந்த வீட்டில் அவர்கள் எல்லோரையும் விட அதிகமாக நம்பியிருந்தது நான்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அதை மட்டும் நான் அவருக்கு மன்னிக்கப் போவதில்லை.